மேல்மூடி திறக்கும் கார் வாங்கும் முன் பின்சீட்டைப் பாருங்கள்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டையில் பழைய கார் வாங்கி விற்கும் உங்கள் கடையிலிருந்து எழுதுகிறோம். டாப் திறக்கிற வண்டி இரண்டு கடை வாசலில் வந்து நின்றதிலிருந்து போன் ஓயவில்லை. ஒன்று துணி டாப் போட்ட மஹிந்திரா தார். இன்னொன்று நாலு பேர் உட்காரும் ஆடி ஏ3 கேப்ரியோலே. "பிள்ளைகள் ஆசைப்படுது, குடும்பத்துக்கு ஒத்து வருமா அண்ணாச்சி?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

வருஷத்தில் எத்தனை நாள் டாப்பைத் திறப்பீர்கள் என்று முதலில் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பங்குனி பிறந்தால் பகலில் திறக்க முடியாது. சித்திரை வெயிலில் திறந்து நிறுத்திய வண்டியில் பெல்ட்டின் இரும்புக் கொக்கியைத் தொட்டால் பிள்ளையின் தொடை சுட்டுவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போகும்போது திறக்கலாம் என்பீர்கள். சாரலில் சீட் நனைந்தால் காய வைக்க இரண்டு நாள் ஆகும். மார்கழி, தை மாதக் காலையும், சில சாயங்காலங்களும்தான் மிச்சம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மூடிய கார்தான். மூடி ஓட்டினால் இந்த வண்டி உங்களுக்குச் சரிப்படுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகள்தான். ஒரு குடும்பம் பத்து வயதுப் பையனோடும் ஆறு வயதுப் பெண்ணோடும் தாரைப் பார்க்க வந்திருந்தது. அப்பா பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்க முன்சீட்டைச் சாய்த்து வழி விட்டதும் பையன் தாவி ஏறிவிட்டான். தங்கைக்குப் படி எட்டவில்லை; தூக்கித்தான் விட்டோம். உட்கார்ந்த உடனே அவள் கேட்டாள், "மாமா, கண்ணாடியை எப்படி இறக்கணும்?" தாரின் பின்பக்கம் இறக்குகிற கண்ணாடி கிடையாது. துணி டாப் என்றால் ஜிப் போட்ட பிளாஸ்டிக் திரையைத்தான் கழற்ற வேண்டும். மலை ஏறும்போது வாந்தி எடுக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. அந்த அம்மா அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். வண்டி இன்னும் கடையில்தான் நிற்கிறது. எங்களுக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

நாலு சீட் என்றால் நாலே பேர்தான், பின்னால் பெல்ட் இரண்டே. மூன்றாவது பிள்ளைக்கும் ஆச்சிக்கும் இடமில்லை. நடுவில் திணித்துக் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். டாப் மடங்கி உட்கார இடம் வேண்டும் என்பதால் இந்த வகைக் கார்களில் பின்சீட்டின் முதுகு நேராக நிமிர்ந்து இருக்கும். அரை மணி நேரம் தெரியாது. கோவில்பட்டி தாண்டும்போது முனக ஆரம்பிப்பார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய தார் பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் நாங்கள் கறாராக இருப்போம். 2010இல் வந்த முதல் தலைமுறைத் தாரிலும் பழைய மாருதி ஜிப்ஸியிலும் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்ச் இருக்கும். அதில் பக்கவாட்டில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போவது சுகம்தான். ஆனால் மோதினால் பிள்ளை முன்பக்கமாகத் தூக்கி எறியப்படும். பக்கவாட்டு பெஞ்சில் குழந்தை சீட்டையும் ஒழுங்காகக் கட்ட முடியாது. 2020இல் வந்த புதிய தாரில் முன்னோக்கிய பின்சீட்டு உண்டு, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டு, வண்டி உருண்டால் தாங்கிக்கொள்ள உள்ளேயே கம்பிக் கூண்டும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்துக்குத் தலா 4 நட்சத்திரம் வாங்கியது. ஆனால் அந்த மாடலிலும் ஆரம்பத்தில் பக்கவாட்டு பெஞ்ச் வைத்த ஆறு சீட் வண்டிகள் வந்தன. ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் சீட் எண்ணிக்கை 4 என்று இருக்கிறதா, 6 என்று இருக்கிறதா பாருங்கள். 6 இருந்தால் பின்னால் எட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சட்டமும் இதில் உண்டு. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த பிரிவு 194பி அது. அபராதத்தை விடுங்கள். கைக்குழந்தையின் சீட்டைப் பின்னோக்கித் திருப்பி, ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஏர்பேக் வெடித்தால் அந்த அடி முழுக்கக் குழந்தை மேல்தான் விழும்.

வெளிநாட்டு ஓபன் டாப் விளம்பரங்களில் காற்றுத் தடுப்பு வலை என்று ஒன்றைப் பெருமையாகச் சொல்வார்கள். அதைப் பின்சீட்டின் மேல்தான் விரித்து மாட்ட வேண்டும். மாட்டினால் அங்கே யாரும் உட்கார முடியாது. இரண்டு பேர் போவதற்கான சாமான் அது. டாப் திறந்த வண்டியில் காற்று சுழன்று அடிப்பது பின்சீட்டில்தான். நாங்குநேரி தாண்டி வள்ளியூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், காற்றாலை நிற்கிற ஊர் அது, முன்னால் நீங்கள் பேசுவது பின்னால் பிள்ளைக்குக் கேட்காது. எங்கள் டெஸ்ட் டிரைவில் கணவனும் மனைவியும் ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து வர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

டாப் விஷயத்துக்கு வருவோம். இதில் நாங்களே பாடம் படித்திருக்கிறோம். சில வருஷம் முன்னால் நாலு சீட் ஓபன் டாப் ஒன்றை வாங்கி, நிழலாக இருக்கட்டும் என்று வாசல் வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். டாப்பின் ஓரத்தில் விழும் மழைத் தண்ணீர் இறங்கிப் போக உள்ளுக்குள் சின்ன வடிகால் துளைகள் உண்டு. வேப்பிலையும் பூவும் அவற்றை அடைத்துக்கொண்டன. ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. காலையில் கதவைத் திறந்தால் பின்சீட்டுக்கு அடியில் கணுக்கால் தண்ணீர், அதில் மூழ்கிய எலக்ட்ரானிக் பெட்டி. அந்த வண்டியில் லாபம் பார்க்க நினைத்ததெல்லாம் அந்தப் பெட்டியோடு போயிற்று. குற்றம் முழுக்க எங்களுடையது.

அன்றிலிருந்து இப்படி ஒரு வண்டி வந்தால் வாங்குபவர் முன்னாலேயே டாப்பை மூடி, கால் மணி நேரம் ஓஸில் தண்ணீர் அடிக்கிறோம். அப்புறம் பின்சீட்டைத் தூக்கிக் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பார்ப்போம். நீங்கள் வேறு கடையில் வாங்கினாலும் இதைக் கேளுங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

கம்பளம் ஈரமாக இருந்தால் அது மழைக் கசிவா, வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்று அடுத்த சந்தேகம். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நீங்களும் பார்த்தீர்கள்; அந்த இரண்டு நாளில் இந்தப் பக்கம் எத்தனை வண்டி முங்கியது என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். டாப் கசிந்தால் தண்ணீர் மட்டும்தான் வரும். வெள்ளம் வண்டல் கொண்டுவரும். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் பழுப்புக் கோடு இருந்தால் வெள்ளம். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட், ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஹெட்லைட்டின் உட்புறம், எல்லா இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வாசனை திரவியம் தூக்கலாக மணந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

துணி டாப்பில் தையல் பிரிவதும், பின்கண்ணாடி பிளாஸ்டிக் மஞ்சள் பாய்வதும்தான் வழக்கமான கோளாறு. உவரி, திருச்செந்தூர் பக்கம் கடலோரத்தில் நின்ற வண்டியில் டாப்பின் கீல்களில் துருவையும் தேடுங்கள். ஆடி போன்ற கார்களில் டாப்பை மடக்குவது மோட்டாரும் ஹைட்ராலிக்கும். எஞ்சினை ஓட விட்டு மூன்று தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். ஏ3இல் திறக்க 18 நொடி போதும். பாதியில் திக்கினால் சும்மா விட்டுவிட வேண்டாம். டாப் மடங்கினால் டிக்கியில் இடம் குறையும். குழந்தை வண்டியும் சோற்றுத் தூக்கும் ஒன்றாக உள்ளே போகுமா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாமலே நின்றாலும், எரியவே இல்லை என்றாலும் ஏதோ மறைக்கிறார்கள்.

பேப்பர் வேலை வழக்கம்போலத்தான்: பெயர் மாற்றப் படிவம் 29, 30, கேரள வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி. டாப்பை வெட்டி மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிளைமில் சிக்கல் வரும்.

எங்கள் அபிப்பிராயம் கேட்டால், இரண்டு பிள்ளைகளும் ஆறு வயதைத் தாண்டி, வீட்டில் இன்னொரு மூடிய காரும் இருந்தால் புதிய தார் தாராளமாக எடுக்கலாம். வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் சாதாரணக் காரையே காட்டுவோம். ஆடி நல்ல வண்டி; ஆனால் சர்வீஸுக்கு ஊரை விட்டு வெளியே போகத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால் வாருங்கள். பிள்ளைகளையும் ஆச்சியையும் கூட்டி வாருங்கள். வீட்டில் குழந்தை சீட் இருந்தால் அதையும் தூக்கி வாருங்கள். ஓஸைக் குழாயில் மாட்டி வைத்திருப்போம்.

இப்படிக்கு,
கடைக்காரர்
பாளையங்கோட்டை