ஜன்னல் வழியே புகைக்குழாய் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூணாறைச் சுற்றியுள்ள செண்டுவாரை, சைலண்ட் வேலி எஸ்டேட்டுகள் பக்கம் புல்லில் உறைபனி படிந்தால் உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. அந்தக் குளிரில் மூணாறு வீடுகளில் ராத்திரி என்ன எரிகிறது என்பதையும் எழுதுங்கள்.

எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹோம்ஸ்டேக்காரர்கள் விறகு ஹீட்டர் மாட்டக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பல இடங்களில் குழாயை ஒரு எல்போ (வளைவுத் துண்டு) போட்டுத் திருப்பி, ஜன்னல் கம்பிக்கு நடுவே விட்டு, வெளியே ஒரு சாண் நீட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் பழந்துணி அடைப்பு. எதிர்க்காற்று அடித்தால் அத்தனை புகையும் அறைக்குள்தான் திரும்பும்.

புகையாவது கண் எரிச்சலில் தெரியும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியைக் குளிர் அலுப்பு என்று நினைத்துப் படுத்தால் உயிரே போகலாம். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துபவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

"கூரையில் ஓட்டை போட்டால் மழைக்கு ஒழுகுமே அண்ணாச்சி" என்கிறார்கள். குழாயைச் சுற்றித் தகடு மடித்து, அதன் மேல்விளிம்பைக் கூரைத் தகட்டுக்கு அடியில் செருகினால் ஒழுகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் தயவுசெய்து அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். குழாய் கூரைக்கு மேல் 3 அடியாவது எழும்ப வேண்டும். 10 அடிக்குள் கூரை முகடு இருந்தால் அதைவிட 2 அடி கூடுதலாக. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரப்பலகைக்கும் 18 அங்குலம் இடைவெளி வேண்டும். கூரையைக் கடக்கும் இடத்தில் வெப்பம் தாங்கும் பஞ்சு அடைத்த இரட்டைக் குழாய்தான் போட வேண்டும்.

அப்புறம், இணைப்பு. மேல்குழாயின் நுனி கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். ஈரமான கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) விறகு எரித்தால் தார் கட்டும். இப்படிப் பொருத்தினால் அது குழாய்க்குள்ளேயே வழிந்து ஹீட்டருக்குத் திரும்பும். மாற்றிப் பொருத்திய வீடுகளில் சுவரில் கறுப்புக் கோடுகளைப் பார்க்கிறேன். படிந்த தார் தீப்பிடித்தால் கூரையே போய்விடும். குளிர்காலத்துக்கு முன் குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அறைக்குள் வெளிக்காற்று வரவும் வழி விடுங்கள்.

ஹோம்ஸ்டேக்களைப் பரிசோதிக்க வருகிற அதிகாரிகள் படுக்கை, குளியலறையோடு இந்தக் குழாயையும் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியே போகிற குழாய் இருந்தால், அதை மாற்றும்வரை அந்த அறையில் ஹீட்டர் பற்றவைக்க அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ஃபிட்டர்,
மூணாறு, இடுக்கி மாவட்டம்