கையெழுத்திடுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில், “அப்பா, உங்களைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள்” என்று சொல்லிவிட்டு நீ அழத் தொடங்கியதால், நான் சொல்ல வந்ததை முழுவதும் சொல்ல முடியவில்லை. அதை நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை, நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்து ஆய்வு ஒன்றில் சேர்வதற்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட இருக்கிறேன். அதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும்.

ஒரு நாளும் புகைபிடிக்காத எனக்கு இந்த நோய் வந்தபோது, பயாப்ஸித் துண்டில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாகக் கண்டுபிடித்து, ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தார்கள். 26 மாதங்கள் நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வீதம் விழுங்கினேன். அந்த மாத்திரையால்தான் உன் திருமணத்தில் என்னால் நின்றுகொண்டே விருந்தினரை வரவேற்க முடிந்தது. இப்போது நோய் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. சென்ற மாத ஸ்கேனில் வலது நுரையீரலின் கட்டி மீண்டும் வளரத் தொடங்கியிருப்பது தெரிந்தது. அடுத்தது கீமோதான், அடுத்த வாரமே தொடங்கிவிடலாம் என்றார் மருத்துவர்.

அந்த இடத்தில் நான் கேட்ட ஒரு கேள்வியைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். “கீமோ தொடங்குவதற்கு முன், எனக்குப் பொருந்துகிற டிரயல், அதாவது மருந்து ஆய்வு, ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கலாமா?” என்று கேட்டேன். எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு கடைசியாகப் போய் நிற்கும் வாசல் இது என்றுதான் நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆய்வுகளின் தகுதி விதிகளை வரிவரியாகப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ‘ஓசிமெர்டினிப்புக்குப் பின் கீமோ பெற்றிருக்கக் கூடாது’ என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், ஒரு சுற்று கீமோ ஏற்றிக்கொண்டவருக்குக்கூட அந்தக் கதவு அடைபட்டுவிடும். உடல் தெம்பையும் எண்ணால் குறிக்கிறார்கள். வழக்கம்போல் நடமாடுபவருக்கு 0, கடினமான வேலை முடியாவிட்டாலும் நடமாடி இலேசான வேலைகளைச் செய்பவருக்கு 1, அங்கிருந்து மேலே போகப்போகப் படுக்கைதான். பெரும்பாலான ஆய்வுகள் 0 அல்லது 1 உள்ளவர்களைத்தான் சேர்த்துக்கொள்கின்றன. நான் இன்று 1. இன்னும் ஆறு மாதத்தில் எந்த எண்ணில் இருப்பேன் என்று யாராலும் சொல்ல முடியாது.

தேடியது நானேதான். 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க அரசு நடத்திவரும் கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் என்ற மருத்துவ ஆய்வுகளின் இணையப் பதிவேடு இருக்கிறது. பல நாடுகளின் பதிவேடுகளை ஒன்றாகத் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தளமும் இருக்கிறது. ‘நுரையீரல் புற்றுநோய்’ என்று மட்டும் போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. மரபணு மாற்றத்தின் பெயர், இதுவரை எடுத்த மருந்து, இப்போது ஆட்களைச் சேர்க்கும் ஆய்வுகள் மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குறுக்கிய பிறகு ஏழு மிஞ்சின. ஒவ்வொன்றின் பதிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே ஓர் ஆய்வு பாதுகாப்பானது என்று ஆகிவிடாது என்பதை அந்தத் தளமே எழுதிவைத்திருக்கிறது. மருத்துவர் அந்த ஏழில் நான்கை அங்கேயே அடித்துவிட்டார்.

முதலில் விண்ணப்பித்த ஆய்வில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மருந்து பலன் தருவது நின்றுபோன பிறகு எடுத்த திசு வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்ததோ இரண்டு ஆண்டுப் பழைய துண்டு, அதிலும் பெரும்பகுதி முந்தைய பரிசோதனைகளிலேயே தீர்ந்திருந்தது. மூன்று வாரம் வீணானது. அந்த ஏமாற்றத்தை உன்னிடம் மறைத்தேன். அதற்காக என்னை மன்னித்துவிடு. அதன் பிறகு புதிதாக ஊசி வழியே திசு எடுத்து, மூளைக்கு எம்ஆர்ஐயும் எடுத்து முடித்ததால்தான் இந்த இரண்டாவது ஆய்வுக்குத் தாமதமின்றித் தகுதி பெற்றேன்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். இது மூன்றாம் கட்ட ஆய்வு. எவ்வளவு அளவு மருந்தை உடல் தாங்கும் என்று முதல் கட்டத்திலும், கட்டி சுருங்குகிறதா என்று இரண்டாம் கட்டத்திலும் பார்த்துவிட்டு, வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவதற்காக நடத்துவது. ஒரு பிரிவினருக்குக் கீமோ மட்டும், மற்றப் பிரிவினருக்குக் கீமோவோடு புதிய மருந்தும். யார் எந்தப் பிரிவு என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும். மருத்துவரால்கூட மாற்ற முடியாது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து நோயாளியைக் கைவிட்டுவிடுவார்களோ என்று நீ கேட்டாய். இதில் அப்படி இல்லை. குலுக்கலில் எனக்கு எது விழுந்தாலும், ஆய்வில் சேராமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் கீமோ எனக்கு உண்டு.

நான் விழுங்கிய மாத்திரையும் இந்த வழியில்தான் வந்தது. ஃப்ளாரா என்ற ஆய்வில் 556 பேர் இதேபோலக் குலுக்கலுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். பழைய வகை மாத்திரையில் நோய் அடங்கியிருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 10.2 மாதம், ஓசிமெர்டினிப்பில் 18.9 மாதம் என்று தெரிந்தது அவர்களால். அந்தப் பழைய மாத்திரைப் பிரிவில் விழுந்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், அம்மா. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது.

இதில் கஷ்டமே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். புதிய மருந்தால் தோலில் தடிப்பு, நகச்சுற்று, மருந்து ஏறும்போதே குளிர்நடுக்கம் எல்லாம் வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் நாட்கள் கூடும், ரத்தம் எடுப்பதும் கூடும். எனக்குப் பலன் கிடைக்காமலும் போகலாம். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். அதனால் என் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்பதும் படிவத்திலேயே இருக்கிறது.

அந்தப் படிவம் 31 பக்கம். ஆய்வுச் செவிலியர் அதைக் கொடுத்ததும் கையெழுத்துக் கேட்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இப்போது நீங்கள் எனக்கு விளக்குங்கள், ஐயா” என்றார். குலுக்கல் பகுதியில் தடுமாறினேன். ஒரு தாளில் இரண்டு கட்டம் வரைந்து மறுபடியும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பென்சிலால் ஓரத்தில் நான் குறித்திருந்த 14 கேள்விகளில் 13-க்கு அங்கேயே பதில் கிடைத்தது.

மீதியுள்ள ஒன்று 22-ஆம் பக்கத்தில் இருக்கிறது. என் திசுவையும் ரத்தத்தையும் பிற்கால ஆராய்ச்சிக்காகச் சேமித்துவைக்கலாமா என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். அது என் மரபணுவைப் பற்றியது என்பதால் ஓரளவு உன்னையும் சேர்ந்தது. எனக்கு ‘ஆம்’ என்று குறிக்கத்தான் விருப்பம். ஆனாலும் இரண்டையும் வெறுமையாக விட்டுவைத்திருக்கிறேன். படிவத்தின் நகலை இதனுடன் அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா