மலையில இருக்கறவங்க தலைமுடிக்கும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல மகளிர் பக்கத்துல தலைமுடி பராமரிப்பு பத்தி அடிக்கடி குறிப்பு வருது, நான் விடாம படிக்கிறேன். கோத்தகிரியில சின்னதா ஒரு லேடீஸ் பார்லர் வச்சிருக்கேன், வர்றவங்க பலபேர் அந்த குறிப்ப போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து அக்கா இத செய்யலாமான்னு கேக்கறாங்க, அதனாலதான் எழுதணும்னு தோணுச்சு. அதுல வர்றது தப்புன்னு சொல்ல வரல. ஆனா எல்லாமே கீழ இருக்கறவங்களுக்கு, வெயிலும் வேர்வையுமா இருக்கற ஊருக்கு எழுதினது. காலையில தலைக்கு குளிச்சுட்டு அப்படியே காத்துல காயவிடுங்கன்னு போட்டிருக்கீங்க, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில மழையும் மூடுபனியுமா நிக்கறப்ப காலையில குளிச்ச தலை சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் ஜடைக்குள்ள ஈரமாவே இருக்கும். கீழ சரியா வர்ற பழக்கம் மேல வந்தா பாதி மாறணும், யாரும் அத எழுதறதே இல்ல.

முதல்ல எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே கெட்டியாயிடும். இங்க வருஷத்துல முக்காவாசி நாள் பாட்டில்ல வெள்ளையா உறைஞ்சுதான் நிக்கும். அவசரத்துல என்ன பண்றாங்க, ஸ்பூன் காம்பால நோண்டி எடுத்து அப்படியே வகிட்டுல வச்சு ரெண்டு தேய் தேய்ச்சுட்டு ஜடை போட்டுக்கறாங்க, அதுக்கு மேல கம்பளி குல்லா. நாலு நாள் கழிச்சு பார்லருக்கு வந்து தலைய பிரிச்சா உச்சியில எண்ணெயும் செதிலும் சேர்ந்து மெழுகு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், நகத்தால சுரண்டினா மஞ்சளா வரும், ஆனா காதுக்கு கீழ தொங்கற முடி வைக்கோலா வறண்டு கிடக்கும். எண்ணெய் வேண்டிய இடத்துல இல்ல, வேண்டாத இடத்துல நெறைய இருக்கு.

பொடுகுங்கறது அழுக்கால வர்றது இல்லைங்க. எல்லார் தலையிலயும் மலசீசியான்னு ஒரு பூஞ்சை இருக்கு, அது தலையில சுரக்கற எண்ணெய தின்னுதான் பெருகுது, சிலருக்கு அது ஒத்துக்காம தோல் செதில் செதிலா உரியுது. குளிர்காலத்துல அது இன்னும் அதிகமாகும். அப்படி இருக்கற தலையில எண்ணெய ராத்திரி முழுக்க ஊறவிட்டா பொடுகு கூடத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய்யால பிரயோஜனமே இல்லைன்னு இல்ல, நல்ல பிரயோஜனம் இருக்கு, அதுல இருக்கற லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ளயே போய் குளிக்கறப்ப புரதம் வெளிய போறத குறைக்குதுன்னு 2003ல வந்த ஆராய்ச்சி சொல்லுது, சூரியகாந்தி எண்ணெய்யும் மினரல் ஆயிலும் அத செய்யலைன்னும் அதுலயே போட்டிருக்கு. அதனால பாட்டில சுடுதண்ணி டம்ளர்ல கொஞ்சநேரம் நிக்கவச்சு, எண்ணெய் உருகினதும் உள்ளங்கையில தேய்ச்சு, குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காதுக்கு கீழ இருந்து நுனி வரைக்கும் தடவுங்க. பாட்டில நேரா அடுப்புல வைக்க வேண்டாம். பொடுகு விடாம இருந்தா மெடிக்கல்ல பூஞ்சைய அடக்கற கீட்டோகோனசோல் ஷாம்பு கேட்டு வாங்கி வாரம் ரெண்டு தடவை, நுரைய அஞ்சு நிமிஷம் விட்டு அலசி, ரெண்டுல இருந்து நாலு வாரம் தொடர்ந்து போடணும், ஒரு தடவை போட்டு அரிப்பு நின்னதும் விட்டுடறாங்க, அப்புறம் மருந்தே வேலை செய்யலைன்னு சொல்றாங்க.

இங்க ஊட்டிப்பக்கம் தோடர் வீட்டுப் பாட்டிங்கள பார்த்திருப்பீங்க, முடிய சுருள் சுருளா தோள்ல தொங்கவிட்டு அதுக்கு வெண்ணெய் தடவி பாதுகாப்பாங்க, எருமை வச்சிருந்த ஜனம், கையில கிடைச்ச கொழுப்ப வச்சு இந்த குளிருக்கு ஏத்த மாதிரி ஒரு பழக்கத்த வச்சிருந்தாங்க. அந்த சுருள் சுத்தறதுக்கு எவ்ளோ பொறுமை வேணும்னு எங்கள மாதிரி தலைவேலை செய்யறவங்களுக்குத்தான் தெரியும்.

குளிக்கற விஷயம். குளிருக்கு பயந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை தலைக்கு ஊத்தறவங்க ஒருபக்கம், பாய்லர் தண்ணிய கொதிக்க கொதிக்க தலையில ஊத்திக்கறவங்க இன்னொருபக்கம். ரெண்டுமே ஆகாது. ரொம்ப சூடான தண்ணி தலையில இருக்கற இயற்கையான எண்ணெய மொத்தமா எடுத்துட்டு தோல காயவிட்டுடும். வெதுவெதுப்பா போதும். எங்க ஊருக்கு வாரம் ரெண்டு நாள் சரியா இருக்கும்னு என் அனுபவத்துல சொல்றேன், அந்த ரெண்டு நாளும் மாறாம இருக்கணும், ஒரு வாரம் நாலு தடவை அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னு இருந்தா தலை பழகாது. காலையில வேண்டாம்ங்க, லீவு நாள்ல பதினோரு மணி பன்னண்டு மணிக்கு வெயில் கொஞ்சம் எட்டிப்பார்க்கறப்ப குளிங்க. துண்ட வச்சு கசக்காம ஒத்தி எடுங்க. ஈரமுடி ரப்பர் மாதிரி இழுபடும், அந்த நேரத்துல சீப்ப போட்டு இழுத்தா பாதியில அறுந்துடும், முக்காவாசி காஞ்சதும் பெரிய பல் சீப்பால நுனியில இருந்து மேல மேல சிக்கு எடுக்கணும். மழைநாள்ல வேற வழியே இல்லைன்னா டிரையர் போடலாம், ஒரு ஜாண் தள்ளிப்பிடிச்சு, சூட்ட குறைச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே இருக்கணும். விறகடுப்பு பக்கத்துல உக்காந்து முடிய காட்டறத மட்டும் செய்யாதீங்க, நுனி பொசுங்கறது உங்களுக்குத் தெரியாது, எனக்கு கத்தரி வைக்கறப்ப தெரியும்.

இத ஸ்கூல் டீச்சர்ங்களும் படிக்கணும். காலையில ஈரத்தலையோட ரெட்டை ஜடை, அதுவும் நெத்தி தோல் இழுபடற அளவுக்கு இறுக்கி, ரிப்பன் வச்சு மடிச்சுக்கட்டி அனுப்பறாங்க. எட்டாவது ஒம்பதாவது படிக்கற பொண்ணுங்களுக்கே ரெண்டு நெத்திப்பொட்டுலயும் முடி ஏறிப்போயிருக்கறத நான் பார்க்கறேன். வருஷக்கணக்கா ஒரே இடத்துல இழுத்துக்கிட்டே இருந்தா வேர் செத்துடும், அப்புறம் அந்த இடத்துல திரும்ப வராது. ஜடை போடுங்க, தளர்வா போடுங்க, வகிட்ட அப்பப்ப மாத்தி எடுங்க. பேன் இருந்தா மருந்து ஒரு தடவை போட்டு முடிச்சுக்காதீங்க, ஈர் (பேன் முட்டை) பொரிக்க 7ல இருந்து 10 நாள் ஆகும், அதனால ஒரு வாரம் கழிச்சு ரெண்டாம் தடவையும் பார்க்கணும், வீட்ல எல்லாருக்கும் சேர்த்து.

வெயில் பத்தி ஒண்ணு. குளிரா இருக்குன்னு வெயில் இல்லைன்னு நினைச்சுக்கறோம். 1,000 மீட்டர் ஏறினா புற ஊதாக்கதிர் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும், நாங்க இருக்கறது அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரத்துல. எஸ்டேட்ல இலை எடுக்கற அக்காங்க முடிய பிரிச்சா துண்டு கட்டியிருக்கற இடம் கருகருன்னு இருக்கும், துண்டுக்கு வெளிய தொங்கின ஜடை செம்பட்டையா வெளுத்து நுனி ரெண்டா பிளந்திருக்கும், ஒரே தலைதான், ஒரே எண்ணெய்தான். ஜடைய சுத்தி கொண்டை போட்டு துண்டுக்குள்ளயே வச்சுக்கிட்டா பாதி பிரச்சினை தீர்ந்துடும், காசு செலவே இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். டூரிஸ்ட் வர்ற இடங்கள்ல கடைகடையா தைலமும் ஹேர் ஆயிலும் விக்கறாங்க, பதினஞ்சு நாள்ல வளரும் ஒரு மாசத்துல அடர்த்தியாகும்னு சொல்லி. உங்க பேப்பர்லயும் அந்த மாதிரி விளம்பரம் வருது. தலைமுடி மாசத்துக்கு 1 சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலா வளரலாம், அவ்ளோதான் வளரும். இடுப்பு வரைக்கும் முடி இருக்கற பொண்ணோட நுனிமுடி நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெளிய வந்தது, அதுக்கப்புறம் எத்தனை வெயில், எத்தனை ஷாம்பு, எத்தனை சீப்பு பார்த்திருக்கும். வெளிய வந்த முடிக்கு உயிர் கிடையாது, அது தானா ஆறாது, நம்மால முடிஞ்சது கெடாம பாத்துக்கறதுதான், அதனாலதான் தினமும் பண்ற சின்ன சின்ன பழக்கத்துக்கு இவ்ளோ மதிப்பு. தினம் 50ல இருந்து 100 முடி விழறது எல்லாருக்கும் இயல்பு. வாரம் ரெண்டு தடவை மட்டும் சீவறவங்களுக்கு அந்த நாலு நாள் முடியும் ஒண்ணா சீப்புல வரும், அத பார்த்து பயந்து எண்ணெய மாத்திக்கிட்டே இருக்க வேண்டாம்.

ரோஸ்மேரி எண்ணெய் இப்ப ரீல்ஸ்ல எல்லாரும் சொல்றாங்க, நம்ம நீலகிரியிலயே விளையற செடி. 2015ல 100 ஆம்பளைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, பாதிப்பேருக்கு ரோஸ்மேரி, பாதிப்பேருக்கு முடி வளர குடுக்கற மினாக்சிடில் மருந்து 2 சதவீதம். மூணு மாசத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியல. ஆறாவது மாசத்துலதான் ரெண்டுலயும் முடி கூடியிருந்துச்சு. அது சின்ன ஆராய்ச்சிதான், அத வச்சு பெருசா நம்பிக்கை வைக்க சொல்லல, ஆனா எத எடுத்தாலும் ஆறு மாசம் விடாம செய்யாம பலன் தெரியாதுங்கறது அதுல இருந்தே புரியும். தைலத்த எதுலயும் கலக்காம நேரா தலையில ஊத்தாதீங்க, யூகலிப்டஸ் ஆனாலும் ரோஸ்மேரி ஆனாலும் தோல் எரிஞ்சு புண்ணாயிடும், சில சொட்டு மட்டும் தேங்காய் எண்ணெயில கலந்துதான் போடணும்.

இதெல்லாம் வெளிய பண்றது. உள்ள ரத்தம் இல்லைன்னா எந்த எண்ணெயும் உதவாது. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21ல எடுத்தப்ப நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைஞ்சா முடி கொட்டும். எங்க ஊர்ல அதுக்கு கூடுதலா ஒரு காரணம் இருக்கு, அது டீ. காலையில இட்லியோட டீ, மதியம் சோறு சாப்பிட்ட கையோட டீ, எஸ்டேட்ல லைன் வீடுகள்ல பிள்ளைங்களுக்கும் டம்ளர் டம்ளரா டீ. கீரையிலயும் ராகியிலயும் பயறுலயும் இருக்கற இரும்புச்சத்த உடம்பு எடுத்துக்க விடாம டீயில இருக்கற டேனின் பிடிச்சு வச்சுக்கும். டீய விடுங்கன்னு நான் எங்க ஊர்ல சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன், எங்க சோறே அதுலதான் இருக்கு. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க. கீரை சாப்பிடறப்ப நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ கூட சேர்த்துக்குங்க, வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா ஏறும். முட்டை, கடலை, அவரைக்கொட்டை எதுவானாலும் தினம் புரதம் வேணும், முடியே கெரட்டின்ங்கற புரதம்தான். ஸ்கூல்ல வாரம் ஒரு நாள் குடுக்கற இரும்புச்சத்து மாத்திரைய பிள்ளைங்க தூக்கிப்போடறாங்க, பெத்தவங்க கேட்டு முழுங்கவைக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் டெஸ்ட்டுக்கு காசு வாங்கமாட்டாங்க, ஹேர் ஆயில் வாங்கற காசுக்கு முன்னாடி அந்த டெஸ்ட்ட எடுத்துடுங்க.

போன வாரம் ஒரு பொண்ணு குழந்தை பெத்து மூணு மாசம் ஆச்சு, கொத்துகொத்தா போகுது அக்கான்னு அழுதுட்டு வந்துச்சு. பெரிய ஜுரம், ஆப்பரேஷன், பிரசவம், பட்டினி டயட் இதெல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி ஒண்ணா கொட்டும், ஆனா வேர் அப்படியே இருக்கும், நல்லா சாப்பிட்டு பொறுத்தா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வந்துடும். அந்த பொண்ணுக்கு நான் எதுவும் விக்கல, வகிட்டுல குட்டி குட்டியா நிக்கற புது முடிய கண்ணாடியில காட்டி அனுப்பிச்சேன். வட்டமா ஒரு இடத்துல வழுக்கை விழுந்தா, தலையில புண்ணும் வலியும் இருந்தா, கூடவே உடம்பு பெருத்து சோர்வா இருந்து தைராய்டோன்னு சந்தேகம் இருந்தா பார்லருக்கு வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். நீலகிரி பதிப்புக்குன்னு தனியா மகளிர் பக்கத்துல மாசம் ஒரு தடவை இடம் குடுங்க, ஊட்டி அரசு மெடிக்கல் காலேஜ் தோல் டாக்டர்கிட்ட கேட்டு எழுதுங்க, உறைபனி காலத்துல தலைக்கு எத்தனை தடவை குளிக்கலாம், கம்பளி குல்லா போடறவங்க பொடுகுக்கு என்ன பண்ணணும், இலை எடுக்கறவங்க முடிய எப்படி பாதுகாக்கணும்னு. கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு பக்கமும் இதே பிரச்சினைதான் இருக்கும். டிசம்பர்ல உறைபனி தொடங்கறதுக்கு முன்னாடி முதல் பகுதி வந்தா ரொம்ப உபயோகமா இருக்கும்ங்க, பஸ் ஏறி கீழ போய் டாக்டர பார்க்க முடியாதவங்க இங்க நெறைய பேர் இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.