கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

பாப்பா,

நேத்து ஃபோன்ல நீ கேட்டதுக்கு அப்பாவுக்கு உடனே பதில் வரல, அதான் எழுதறேன். உன் டீம்ல இருக்கற அந்தப் பையன் ரேஞ்சுல நல்லா சுடறான், பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, ஆனா அவன் கையில கன் கொடுக்கலாம்னு கையெழுத்து போட மனசு ஒப்பலன்னு சொன்னே. அத அலட்சியப்படுத்தாதம்மா.

குறி பாத்து சுடறத யாருக்கு வேணா சொல்லிக் கொடுத்துடலாம், நான் இத்தனை வருஷம் அததான் பண்ணேன். நீ ஸ்கோர விட்டுட்டு அவன் கையப் பாரு. யார்கிட்டயோ பேசிட்டே கன்ன எடுக்கும்போது விரல் ட்ரிக்கருக்கு வெளிய நிக்குதா, காலிதானேன்னு முனைய யார் பக்கமாவது திருப்பறானா. அப்புறம் அன்லோட் பண்ணச் சொல்லு. மொதல்ல குண்டு அடுக்கின மேகசின கழட்டணும், அப்புறம்தான் கன்னோட மேல் பக்கம் இருக்கற ஸ்லைட பின்னாடி இழுத்து, சுடத் தயாரா குண்டு நிக்கற சேம்பர பாக்கணும். மாத்திப் பண்ணா, சேம்பர்ல இருக்கற குண்டு வெளிய வந்து விழும், ஆனா ஸ்லைடு முன்னாடி போகும்போது மேகசின்லேர்ந்து அடுத்தத உள்ள தள்ளிடும், இவன் மேகசின கழட்டி கையில வச்சுக்கிட்டு கன் காலின்னு நெனச்சுப்பான்.

என் பேட்ச்ல நல்லா சுடறவன் ஒருத்தன் இதேதான் பண்ணான். குண்டு தரையில பாஞ்சுது, என் காலுக்கு ஒரு அடி தள்ளி. அவன் சொன்ன மொத வார்த்தை, "சார், அது தானா வெடிச்சிருச்சு." அவனுக்கு ஓகே எழுதிக் கொடுத்தது நான்தான் பாப்பா, அன்னிக்கே திரும்ப வாங்கிட்டேன், ஆனா ரொம்ப நாள் தூக்கம் வரல. இன்னொருத்தன் சுமாரா சுடுவான், ஒருநாள் காலையில அவனா வந்து, "நேத்து லாக்கர்ல வைக்கும்போது சேம்பர் செக் பண்ண மறந்துட்டேன் சார்"னான். அவன் சொல்லலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. அவனுக்கு நான் தயங்காம கையெழுத்து போட்டேன்.

பையன்கிட்ட ஒரு கேள்வி கேளு, எப்பெல்லாம் கன்ன வெளிய எடுக்கக் கூடாதுன்னு. பின்னாடி ஆள் நின்னா, வெறும் வாய்ச்சண்டைன்னா, விலகிப் போக வழி இருந்தான்னு அவனா யோசிச்சு சொன்னா நல்லது. "எவன் வந்தாலும் பாத்துக்கறேன் மேடம்"னா கொடுக்காத. குடி, கோபம் எல்லாம் உனக்கே தெரியும்.

இன்னொண்ணு, இன்னிக்கு சரியா இருக்கறவன் ஆறு மாசம் கழிச்சும் அப்படியே இருப்பான்னு நெனைக்காத. வீட்ல பிரச்சனை, கடன், தூக்கமில்லாம ஒடிஞ்சு போய் வந்தா கன்ன கொஞ்ச நாள் நீ வாங்கி வச்சுடு. துப்பாக்கியால தற்கொலைக்கு முயற்சி பண்றவங்கள்ல பத்துல ஒன்பது பேர் பொழைக்கறதில்ல, மனசு மாற நேரமே கிடைக்காதும்மா. இது தண்டனை இல்லன்னு அவனுக்கு மொதல்லயே சொல்லி வை, அப்பதான் கஷ்டம் வந்தா மறைக்காம உன்கிட்ட வருவான்.

அவசரப்படாத, இன்னும் ரெண்டு வாரம் பாரு. அன்லோட் எப்படி பண்ணான்னு எனக்கு ஃபோன் பண்ணி சொல்லு.

அப்பா