இன்டர்ன்ஷிப் ஆண்டை மாணவர்களுக்கே கொடுங்கள்

ரெஸ்பிரேட்டரி தெரபி (சுவாச சிகிச்சை) பட்டப்படிப்பு நடத்தும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கு,

வணக்கம். ஐசியுவில் வென்டிலேட்டர் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவன் நான். படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பழக்குவதும் என் பொறுப்பு. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். படிப்பில் பிள்ளைகள் கெட்டிதான். ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களின் அளவைப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டை நீட்டினால் பிஎச், கார்பன் டை ஆக்ஸைடு, பைகார்பனேட் என்று வரிசையாகப் பார்த்து அசிடோசிஸா (ரத்தத்தில் அமிலம் கூடியதா) ஆல்கலோசிஸா (காரம் கூடியதா) என்று சொல்லிவிடுகிறார்கள். சரி, இந்த நோயாளிக்கு இப்போது வென்டிலேட்டரில் எதை மாற்றலாம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்தாய் என்று விசாரித்தால், பலரும் சொல்வது ஒன்றுதான்: சிலிண்டர் மாற்றினேன், நெபுலைசருக்கு மருந்து ஊற்றினேன், ரிஜிஸ்டர் எழுதினேன், நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இதெல்லாம் தேவையில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருடம் முழுக்க இதுவே என்றால், ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கப் பிள்ளைகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கட்டிலருகே நின்றால்தான் பிடிபடும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று கொடுப்பது? நுரையீரல் கடுமையாகப் புண்பட்ட நோயாளிகளை வைத்து நடத்தி 2000-இல் வெளிவந்த ஏஆர்டிஎஸ்நெட் ஆய்வில், எடையில் கிலோவுக்கு 12 மில்லி வீதம் காற்று கொடுத்த குழுவில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி கொடுத்த குழுவில் 31 சதவீதம். பரீட்சையில் இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் கிலோ என்பது உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. 160 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒரு அம்மாவுக்குக் கணக்கில் வருவது 52 கிலோ சொச்சம்தான். கிலோவுக்கு 6 மில்லி என்றால் அவருக்கு 315 மில்லி போதும். கேஸ் ஷீட்டில் இருக்கும் 80 கிலோவை வைத்துப் போட்டால் 480 மில்லி ஆகிவிடும். ஏற்கெனவே புண்பட்ட நுரையீரல் அதை எப்படித் தாங்கும்?

அந்த 160-ஐ அளப்பதும் லேசு இல்லை. மயக்கத்தில் முழங்கால் மடங்கிக் கிடப்பவரை ஒருவர் நேராக்கிப் பிடிக்க, இன்னொருவர் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை டேப் வைக்க வேண்டும். ட்யூபும் லைனும் இழுபடக் கூடாது. வென்டிலேட்டரில் காற்றழுத்தம் கூடி ப்ரெஷர் அலாரம் அடித்தாலும் அப்படித்தான், சமாளிப்பது லேசு இல்லை. முதலில் பார்க்க வேண்டியது நோயாளியை. ட்யூபைக் கடிக்கிறாரா, சளி அடைத்திருக்கிறதா, சர்க்யூட் (வென்டிலேட்டர் குழாய்) எங்காவது மடங்கியிருக்கிறதா, ஒரு பக்க மார்பு ஏறாமல் இருக்கிறதா? பக்கத்தில் ஒரு சீனியர் நின்று சொல்லிக்கொடுக்காவிட்டால், பிள்ளை கற்றுக்கொள்வது சைலன்ஸ் பட்டனை அமுக்குவதைத்தான்.

கொரோனா வந்தபோது, 2020 மே மாதம், பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து 2000 கோடி ரூபாயில் 50,000 வென்டிலேட்டர் வாங்குவதாக அறிவித்தார்கள். இயந்திரத்தைச் சில மாதத்தில் வாங்கிவிடலாம். அதை இயக்கத் தெரிந்த ஒருவரை உருவாக்க நான்கு வருடம் ஆகிறது, அதுவும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நம் தொழிலையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாளைக்குப் பதிவேட்டில் பெயர் ஏறப்போகிற பிள்ளைக்குக் கையில் தொழில் இருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. இன்டர்ன்களோடு ஐசியுவில் நிற்க, இதே படிப்பைப் படித்த ஓர் ஆசிரியரைப் போடுங்கள். லாக்புக்கில் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். சக்ஷனோ (சளியை உறிஞ்சி எடுப்பது), வீனிங்கோ (வென்டிலேட்டரிலிருந்து மெல்ல விடுவிப்பது), ஏபிஜி எடுப்பதோ, பிள்ளை செய்வதைக் கண்ணால் பார்த்தவர் மட்டும் கையெழுத்திடட்டும். பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கும் நுரையீரல் பரிசோதனைக் கூடத்துக்கும் கட்டாயம் அனுப்புங்கள்.

அப்புறம், அடுத்த சேர்க்கைக்கான கையேட்டில் மூன்று தகவல்களைச் சேர்த்து அச்சிடுங்கள்: உங்கள் ஐசியுவில் எத்தனை வென்டிலேட்டர் படுக்கை, ஒரு ஷிப்டுக்கு எத்தனை இன்டர்ன், சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள். கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்க வரும் பல பெற்றோருக்கு இதையெல்லாம் கேட்க வேண்டும் என்றே தெரியாது. நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்