திண்ணைக்கு வந்த நாற்பது பக்க நோட்டு

எங்கள் பழைய வீடு விழுகிற நிலைக்கு வந்த கதை தெருவுக்கே தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. வீடு நிற்கிறது. முந்தாநாள் கடைசி முட்டுக்காலையும் எடுத்துவிட்டார்கள். நேற்று ராத்திரி கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை விழித்திருந்தேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு வாத்தியார் ஐயாவுக்கு. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வாரம் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "இடிச்சிட்டு ஃபிளாட் கட்டிடும்மா." 2014 நவம்பர் மழையில் கடற்கரையிலிருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரியே சரிந்து விழுந்ததைப் பார்த்த புதுச்சேரிக்காரர்கள், அவர்கள் பயத்தில் தப்பில்லை. நானும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஐயாவிடம், "ஒத்தப் பொம்பளை நான் என்னங்கய்யா பண்ண முடியும்?" என்று கேட்டேன். பதிலே சொல்லாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு மனசு ஒடிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். அதில் ஏழு பக்கம், நீல மையில், கோடு தாண்டாத எழுத்து. தப்பு வந்த இடங்களை ஸ்கேல் வைத்து அடித்திருந்தார். கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகாதவர். "படிம்மா, அப்புறம் முடிவு பண்ணு" என்றார்.

ஆன் பமேலா கன்னிங்காம் என்ற அமெரிக்கப் பெண்ணின் வாழ்க்கை அது. 1816இல் தென் கரோலினாவில் பிறந்தவர். சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்து முதுகில் அடி. அதன்பின் வாழ்நாள் முழுக்க நோயாளி. 1853இல் அவருடைய அம்மா பொட்டோமக் ஆற்றில் படகில் போகும்போது, ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீடு பாழடைந்து கிடப்பதைப் பார்த்து மகளுக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கம் வாங்க முன்வரவில்லை. படுக்கையில் கிடந்த அந்த மகள், பெயரை வெளியே சொல்லாமல், பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். பெண்களுக்கு ஓட்டுகூட இல்லாத காலம். மாநிலத்துக்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாகப் போட்டு, கடிதம் கடிதமாக எழுதி நிதி திரட்டினார். வீட்டின் சொந்தக்காரர் முதலில் விற்க மறுத்தார்; 1858இல் இரண்டு லட்சம் டாலருக்குச் சம்மதித்தார். 1860இல் வீடு பெண்கள் சங்கத்தின் கைக்கு வந்தது. இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அந்த வீடு அவருக்குச் சொந்தமில்லை, அவர் அதில் பிறக்கவும் இல்லை. எனக்கோ இது அம்மா வீடு. அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐயா ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே இருந்தார்.

ஏழாம் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: "அந்த மாளிகையில் உழைத்தவர்கள் அடிமைகள். வீட்டைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும்." நான் அதிக நேரம் நின்றது அந்த வரியில்தான்.

அதனால்தான் அடுத்த நன்றி வேலை செய்தவர்களுக்கு. "பழைய சுண்ணாம்புச் சுவர்மேல சிமெண்ட் பூசினா ஈரம் வெளிய போகாதும்மா, உள்ளயே நின்னு உதிர்த்துடும்" என்று ஒற்றைக் காலில் நின்ற கொத்தனார் அண்ணன், கடுக்காய்த் தண்ணீர் ஊறவைத்து வெல்லம் சேர்த்துச் சுண்ணாம்பைக் குழைத்துத் தந்த சித்தாள் அக்காக்கள், கரையான் அரித்த தூணின் அடியை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்ட ஆசாரி. மழையில் தார்ப்பாய் பிடித்த தெருப் பிள்ளைகள், கைமாற்றுக்குக் கணக்குக் கேட்காத சித்தப்பா, சாமான்களையெல்லாம் தன் வீட்டில் அடுக்கிவைத்த பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

திண்ணைக்குக் கம்பி போட மாட்டேன். வெளித் தாழ்வாரத்தில் வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களை எழுப்ப மாட்டேன். நான் இருக்கும்வரை இது நடக்கும்.

ஐயா, அந்த நோட்டு சாமி மாடத்தில் இருக்கிறது. எட்டாம் பக்கத்திலிருந்து வேலை செய்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வருகிறேன். இரண்டு சித்தாள் அக்காக்களின் முழுப் பெயரை இன்னும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம், அவர்களும் வருவார்கள். நீங்கள் உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிடுங்கள்.