அறத்துக்கு ஒரு தாள், இலக்குக்கு வேறு தாளா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மைத் துறைப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். வணிக அறத்தையும் சமூக நலனையும் இணைக்கும் புதிய திட்டத்தின் வரைவைப் படித்தோம். கடைசிப் பருவத்தில் 2 கிரெடிட்டுக்கு ஒரு தாள், 30 மணி நேரச் சமூகப் பணி, பட்டம் வாங்கும் முன் ஓர் உறுதிமொழி. இதை இப்படியே நடத்தினால் மாணவர் கையில் ஒரு சான்றிதழ் கூடும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம்.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிடம் 2000-ஆம் ஆண்டிலேயே 64 பக்க நெறிமுறைக் கையேடு இருந்தது. கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதை நம் வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது. ஊழியர்களுக்கு அறநெறிப் பயிற்சி நடந்துகொண்டுதான் இருந்தது. கூடவே, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கும் இருந்தது. விளைவு, வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கான கணக்குகள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் இதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தது வெளியே வந்தது. பயிற்சி ஒரு பக்கம் இழுக்க, இலக்கு மறுபக்கம் இழுத்தது. மாதக் கடைசியில் மேலாளர் கேட்டது இலக்கைத்தான்.

ஆகவே அறத்தைத் தனித் தாளாக ஒதுக்காமல், இலக்கு வைக்கக் கற்றுத்தரும் விற்பனை வகுப்புக்கும் கணக்கியல், மனிதவள வகுப்புகளுக்கும் உள்ளேயே வையுங்கள். ஒரு 90 நிமிடப் பயிற்சியைச் சொல்கிறோம். ஒரு கிளையில் 6 ஊழியர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 விற்பனை இலக்கு, மொத்தம் 48. கிளைக்கு வருபவர்கள் 60 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் புதிய சேவை உண்மையிலேயே தேவை என்று வைத்துக்கொண்டால் 15. மீதி 33 எங்கிருந்து வரும்? பத்து நிமிடத்தில் மாணவர்கள் இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். வேலை அதற்குப் பிறகுதான். மேலாளருக்கு 150 சொற்களில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: எந்த எண் தவறு, அதற்குப் பதில் எந்த எண், அது சரியா என்று எப்போது பார்ப்பது. பாதிப் பேர் ‘வேலையை விட்டுவிடுவேன்’ என்று எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். வகுப்பறையில் ராஜினாமா செய்வதற்குச் செலவே இல்லை. அடுத்த வகுப்பில் அதே கடிதத்தை எதிரே ஒருவரை மேலாளராக உட்காரவைத்து வாயால் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் கம்பீரமாக நின்ற வாக்கியம் வாயில் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் தீரும்வரை பழக வேண்டும்.

இனி சமூகப் பணி. 15 வாரப் பருவத்தில் அறிமுகத்துக்கும் அனுமதிக்கும் 4 வாரம் போகும், தேர்வுக்கு 2 வாரம். மிச்சம் 9. அதற்குள் மக்களின் தேவையைக் கேட்டு, செய்து, சரிபார்த்து, ஒப்படைக்க முடியாது. அதனால்தான் எல்லாக் குழுவும் விழிப்புணர்வுப் பேரணியில் போய் முடிகிறது. மணிக்கணக்கில் அளந்தால் இன்னொன்றும் நடக்கும்: வராத நாளுக்கும் கையெழுத்து விழும். அறம் படிக்கும் தாளிலேயே பொய்க் கையெழுத்து!

குறைந்தது இரண்டு பருவமாக்குங்கள். குழுவுக்கு 4 பேர், ஓர் ஆசிரியருக்கு 6 குழுவுக்கு மேல் வேண்டாம், இடம் மூன்றாண்டுக்கு மாறக் கூடாது. முதல் இரண்டு சந்திப்புகளுக்குக் கேள்வித்தாள் எடுத்துப் போகக் கூடாது. போன ஆண்டுக் குழு கேட்ட அதே இருபது கேள்விகளை இந்த ஆண்டுக் குழுவும் கேட்டால், மூன்றாம் ஆண்டு கதவு திறக்காது. பிறகு ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: தேவையைச் சொன்னது யார், திரட்டும் தகவல் யாரிடம் இருக்கும், மாணவர் போன பின் யார் பார்த்துக்கொள்வார். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுத மாணவர்கள் செயலி செய்து தருவார்கள். அதன் பாஸ்வேர்ட் படிப்பு முடித்துப் போன ஒருவரின் மின்னஞ்சலில் இருக்கும். அடுத்த மாதமே பெண்கள் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். நோட்டில் பிழைகளைக் குறைக்க நான்கு கட்டங்கள் போட்டுக் கொடுத்திருந்தால் அது நிலைத்திருக்கும். ஆனால் அறிக்கையில் அழகாக இருக்காது.

நூறில் 30 மதிப்பெண் மக்கள் கையில் இருக்கட்டும். ஆனால் ‘எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?’ என்று கேட்காதீர்கள். வந்த பிள்ளைகளுக்குக் குறைத்துப் போட யாருக்கும் மனம் வராது. சொன்ன நாளில் வந்தார்களா, கொடுத்தது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா, அடுத்த குழு வரலாமா என்று மட்டும் கேளுங்கள். முதல் பருவத்தில் ஒப்படைத்ததை இரண்டாம் பருவக் கடைசியில் கேட்டால் உண்மை தெரியும்.

இந்தத் திட்டத்துக்கு நிதி தரும் நிறுவனத்தின் ஆள் பாட எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கக் கூடாது, அது தரும் தொகையை வெளியிடுங்கள். உறுதிமொழி இருந்தால் இருக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள் பாக்கி. திட்டத்தின் முதல் பாடமாக நம் சேர்க்கைக் கையேட்டையே வையுங்கள். இறுதியாண்டில் 120 பேர்; வேலைக்குப் பதிவு செய்ய அனுமதிக்கப்பட்டவர்கள் 80; வேலை கிடைத்தவர்கள் 72 என்று வைத்துக்கொள்வோம். கையேட்டில் 90 விழுக்காடு என்று அச்சிடலாம், 60 விழுக்காடு என்றும் அச்சிடலாம். எதை அச்சிடுகிறோம், ஏன் என்பதை மாணவர்கள் முன்னிலையில் நீங்களே விளக்கும்படி முதல் வகுப்பை அமையுங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தாள்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்